எதோடு ஒப்பிடுவது

வெள்ளிக்கிழமை மேடையேற வேண்டியவள் புதன்கிழமையே சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள். அழைத்தால் எடுக்கவில்லை. ‘என்னால முடியாது மேடம், மன்னிச்சிடுங்க’ என்று வாட்ஸப்பில் ஒரே வரி. வியாழக்கிழமை காலை வளர்மதி அலுவலகத்துக்குப் போகாமல் சூளூர்பேட்டை ரயிலில் ஏறி உட்கார்ந்தாள். சத்யாவை எப்படியாவது அழைத்து வந்து மேடையில் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான் அப்போது அவள் மனதில் இருந்தது.

வளர்மதி பழவேற்காட்டை ஒட்டிய மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அவள் அண்ணன் தருமன் இன்றும் ஏரியில்தான் வலை போடுகிறான். அவள் மட்டும் படித்துக்கொண்டே போனாள். வெளிநாட்டில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, சென்னையில் ஒரு கடல் உணவு நிறுவனத்தில் சேர்ந்தாள். கடற்கரை ஊர்களில் இறாலும் நண்டும் வாங்கிக் குளிர்சாதன லாரிகளில் ஏற்றித் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் கொண்டு சேர்க்கிற நிறுவனம். எந்த லாரி எந்த ஊருக்கு முதலில் போவது, எங்கே காத்திருப்பது, பாதி நிறைந்த லாரியைத் திருப்புவதா அடுத்த ஊருக்கு விடுவதா என்பதெல்லாம் தினமும் மாறுகிற கணக்கு. கணக்குத் தப்பினால் சரக்கு நாறிப்போகும்.

அதன் நிர்வாக இயக்குநர் விஜயராகவன் ஒருமுறை சிங்கப்பூரில் ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்தார். வந்த அன்றே வளர்மதியைக் கூப்பிட்டார்.

“நம்ம கம்பெனியிலயும் குவாண்டம் பண்ணணும் வளர்மதி. லாரி கணக்கை அதுல போட்டுப் பார்க்கணும். நீங்கதான் நடத்தணும்.”

குவாண்டம் கணினி எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் பார்த்து நல்லதைப் பொறுக்கித் தந்துவிடும் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று வளர்மதி போகிற இடமெல்லாம் திருத்திக்கொண்டிருப்பாள். சில வகைக் கணக்குகளில் ஒருநாள் அது மற்றக் கணினிகளை மிஞ்சலாம். லாரி கணக்கு அந்த வகையில் சேருமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, செய்து பார்ப்பது. அவள் திட்டம் போட்டாள். முதல் வருடம் ஆட்களைச் சேர்த்துப் பழக்குவது. இரண்டாம் வருடம், வெளிநாட்டில் இருக்கிற இயந்திரத்தை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்துச் சிறிய கணக்குகளில் சோதிப்பது. அதற்குப் பிறகே பெரிதாகச் செய்வதா வேண்டாமா என்ற முடிவு. கடைசியில் ஒரு நிபந்தனையும் சேர்த்தாள். நம்மால் எழுதக்கூடிய மிகச் சிறந்த சாதாரண முறையைக் குவாண்டம் முறை ஜெயிக்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும்.

விஜயராகவன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “கல்யாணப் பத்திரிகையிலயே விவாகரத்துக்கும் தேதி குறிக்கிறீங்களே!” ஆனால் ஒப்புக்கொண்டார். இப்படி எழுதுகிற ஆளை நம்பலாம் என்று மற்ற இயக்குநர்களிடம் பெருமையாகச் சொன்னதாகவும் கேள்வி.

ஆட்கள் தேடும்போதுதான் சத்யா கிடைத்தாள். பொன்னேரியில் ஒரு கல்லூரியில் வளர்மதி பேசப் போயிருந்தாள். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அங்கே இயற்பியல் எடுக்கிற தற்காலிக விரிவுரையாளர்.

“ஜெயிச்சுதுன்னு சொல்றீங்களே மேடம், எதோட ஒப்பிட்டு ஜெயிச்சுதுன்னு சொல்வீங்க?”

மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். வளர்மதி அடுத்த வாரமே அவள் வீட்டுக்குப் போனாள்.

வீடு ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரியோரத்து இருளர் குடியிருப்பில். சத்யாவின் அம்மா அம்மணி ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். அப்பா சடையனும் அதே தொழில்தான் செய்தார். சில வருடங்களுக்கு முன்பு இறந்துவிட்டார். அந்தக் குடியிருப்பில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் சத்யா. கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டுப் பேர் தெரியாத வேலைக்கு மகளை அனுப்ப அம்மணி தயங்கினாள்.

“அது இன்னா வேலைமா? நிக்குமா?”

“நான் பார்த்துக்கறேன்மா. என் பொறுப்பு” என்றாள் வளர்மதி. சொன்னபோது அதை மனதார நம்பித்தான் சொன்னாள்.

ஐந்து பேர் கொண்ட குழுவில் சத்யாவுக்கு எதிராளி வேலை. மனோஜும் மற்றவர்களும் குவாண்டம் முறையை எழுதுவார்கள். சத்யா அதை வீழ்த்தப் பார்க்கிற சாதாரண முறையை எழுதுவாள். எதிராளி பலமாக இல்லாவிட்டால் வெற்றிக்கு மதிப்பில்லை என்று வளர்மதி எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தாள். சத்யா அந்த வேலையை ஒரு வெறியோடு செய்தாள். லாரி ஓட்டுநர்களோடு போய்வந்தாள். எந்தப் பாலத்தில் லாரி நிற்கும், எந்த ஊரில் ஐஸ் தாமதமாகும் என்பதையெல்லாம் கணக்குக்குள் கொண்டுவந்தாள். நிறுவனம் முன்பு வைத்திருந்த பழைய முறையோடு பார்த்தால் அவளுடையது எங்கோ உயரத்தில் இருந்தது.

இரண்டாம் வருடம் முடிகிற வேளையில் அவள் வளர்மதியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“ஜெயிக்கல மேடம்.”

“எந்த அளவுல?”

“சின்னக் கணக்குல சமமா வருது. கொஞ்சம் பெருசாக்கினா அந்த மெஷின்ல பிழை கூடிக்கூடி விடையே கலங்கிடுது. பெரிய கணக்குல கிட்டக்கூட வரல.”

குழு முழுவதும் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சரிபார்த்தது. மனோஜ் தன் பக்கத்தில் மாற்றக்கூடியதையெல்லாம் மாற்றினான். முடிவு மாறவில்லை.

வளர்மதி அதை விஜயராகவனிடம் சொல்லப் போனபோது அவர் வேறொரு மகிழ்ச்சியில் இருந்தார். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். குவாண்டம் திட்டத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“பழைய முறையோட ஒப்பிட்டா?”

“பழைய முறையை எது வேணும்னாலும் ஜெயிக்கும் சார்.”

“அப்ப அதோட ஒப்பிடுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி நாம அதுலதானே ஓட்டினோம்? பொய் ஒண்ணும் இல்லையே. இன்னும் ஒரு வருஷம் கிடைச்சா உங்க மெஷினும் வளரும், உங்க பிள்ளைங்களுக்கும் வேலை நிக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த சத்யா பொண்ணையே பேசச் சொல்லுங்க. ஏரிக்கரையிலேர்ந்து வந்த பொண்ணு குவாண்டம் பண்ணுதுன்னா அவங்க மனசுல அப்படியே நிக்கும். போட்டோ எல்லாம் ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டேன்” என்றார்.

வளர்மதி மறுத்துப் பேசவில்லை. ஐந்து பேரின் முகங்களும் கண்ணில் வந்து போயின. ஒரு வருடம் கூடக் கிடைத்தால் உண்மையிலேயே ஏதாவது நடக்கலாம் என்றும் தோன்றியது. தன் அறைக்கு வந்து அவர் சொன்னபடியே படம் தயாரித்தாள். பழைய முறை ஒரு கோடு, குவாண்டம் ஒரு கோடு. சத்யாவின் முறைக்கு அதில் இடமில்லை. அதை சத்யாவிடம் காட்டி, நீதான் பேச வேண்டும் என்றும் சொன்னாள். சத்யா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. மறுநாள் அவள் இருக்கை காலியாக இருந்தது.

ரயில் அனுப்பம்பட்டு தாண்டி, பொன்னேரி தாண்டி ஓடியது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டம் மேய்ந்தது. மேடையில் சத்யா என்ன பேசினால் போதும், எந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வளர்மதி வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

ஆரம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து ஏரியோரம் போனபோது அம்மணி அப்போதுதான் கரையேறியிருந்தாள். ஈரப் புடவை, இடுப்பில் இறால் சேர்க்கும் பறிக்கூடை. வளர்மதியைப் பார்த்ததும் பறியைக் கீழே வைத்துவிட்டு வேகமாக வந்தாள்.

“வாம்மா மேடம். நீயாவது சொல்லு அவளுக்கு. ரெண்டு நாளா பித்து புடிச்ச மாதிரி குந்தினு கீறா. இன்னாடின்னா ஒரு வார்த்தைக்கு மேல வாயத் தொறக்க மாட்றா. மேடையில பேசச் சொன்னாங்களாமே?”

“ஆமாம்மா.”

“பேசிட்டு வரவேண்டிதுதான? அவங்கோ இன்னா சொல்லச் சொல்றாங்கோ, அத்த சொல்லிட்டு வா. வாய்ல வர்ற பேச்சு, அதுக்கு இன்னா காசா பணமா? வேல போய்டப் போவுதும்மா. கொஞ்சம் சொல்லும்மா, உன் பேச்சக் கேப்பா.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வளர்மதி பதறி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சிறுவயதில் அப்பாவின் படகில் போகும்போது இப்படிப்பட்ட பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். படகு வருவது தெரிந்தால் ஒதுங்கிப் போய்விடுவார்கள். ஏரியில் யாருக்கு எந்த இடம் என்பது குப்பத்துக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட முறை. அதில் இவர்களுக்குப் பங்கில்லை. யாரும் மிதிக்காத ஓரங்களில்தான் இவர்கள் பிழைப்பு. தான் பிடித்திருந்த அந்தக் கைகளின் சொரசொரப்பு வளர்மதிக்கு என்னவோ செய்தது. வந்த வேலை சுலபமாக முடிந்துவிடும் என்றும் தோன்றியது. அம்மாவே தன் பக்கம்.

சத்யா கரைமேட்டில் ஒரு வேலிக்காத்தான் நிழலில் உட்கார்ந்திருந்தாள். வளர்மதி வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“உட்காரு. திட்ட வரல.”

“அழைச்சினு போக வந்திருக்கீங்க.”

“ஆமா.”

சத்யா மறுபடி உட்கார்ந்தாள். வளர்மதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் வற்றி ஏரி உள்வாங்கிக் கிடந்தது. தூரத்தில் நாரைகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன.

“அந்தப் படத்துல பொய் இல்ல சத்யா. முழுசா இல்ல, அவ்வளவுதான். அடுத்த வருஷம் முழுசா காட்டலாம்.”

“எங்க நைனாவப் பத்தி உங்களுக்கு நான் சொன்னதே இல்ல, இல்ல மேடம்?”

“இல்ல.”

“நான் எட்டாவது படிக்கசொல்ல ஒரு அறக்கட்டளைக்காரங்க வந்தாங்க. கையால இறால் புடிக்கிறவங்களுக்குப் பைபர் போட் குடுக்கறோம்னு சொன்னாங்க. பந்தல் போட்டு, மைக் செட் வச்சி, பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வந்தாங்க. நைனாவ மேடைக்குக் கூப்ட்டு சால்வ போத்தி, கையில துடுப்பக் குடுத்தாங்க. கீழ லாரியில புது போட், நீலக் கலர். நைனா அதும்மேல கை வச்சினு நின்னாரு. போட்டோ எடுத்தாங்க. சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சாரு.”

அவள் குரல் மாறாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

“சாயங்காலம் அந்த லாரியிலயே போட்டத் திருப்பி எடுத்துனு போய்ட்டாங்க. ரிஜிஸ்டர் பண்ணணும், பண்ணிட்டு அனுப்பறோம்னாங்க. வரல. நைனா தெனம் ரோட்டாண்ட போய் நின்னு பாப்பாரு. அக்கம்பக்கத்துல எல்லாம் ‘இன்னா சடையா, போட்டு எங்க’ன்னு கேட்டுக் கேட்டு சிரிச்சாங்க. அப்பறம் அவரு தண்ணிக்குப் போறதையே கொறச்சிட்டாரு. ஆளு ஒடைஞ்சிட்டாரு. செத்துட்டாரு. நான் எம்எஸ்ஸி படிக்கசொல்ல ஸ்காலர்ஷிப் கேட்டு அந்த அறக்கட்டளை ஆபீசுக்குப் போனேன் மேடம். செவுத்துல பெருசா அந்தப் போட்டோ. நைனா போட்டு மேல கை வச்சினு சிரிச்சினு கீறாரு.”

வளர்மதி ஏரியைப் பார்த்தாள்.

“அந்த போட்டோவும் பொய் இல்ல மேடம். போட் இருந்துச்சி, நைனா இருந்தாரு, கை வச்சினு நின்னாரு. எல்லாம் நெஜம்தான்.” சத்யா திரும்பி அவளைப் பார்த்தாள். “என்னிய வேலைய வுட்டு எடுத்தாலும் சரி. அந்த மாதிரி போட்டோவுக்கு மட்டும் நான் நிக்கமாட்டேன்.”

குடிசை வாசலில் அம்மணி இறாலைத் தரம் பிரித்துக்கொண்டே அடிக்கொருதரம் இந்தப் பக்கம் பார்த்தாள். வரும் வழியில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றைக்கூட வளர்மதியால் சொல்ல முடியவில்லை. அந்தப் படத்தை வரைந்தது விஜயராகவன் இல்லை, தன் கைதான் என்பது ஒன்றே திரும்பத் திரும்ப மனதில் வந்தது. சத்யாவின் கோட்டை அழித்ததும் அதே கைதான்.

“நீ வரவேணாம்” என்றாள் கடைசியில். “நான் பேசறேன். ரெண்டு ஒப்பீட்டையும் காட்டறேன்.”

“காட்டினா திட்டம் நின்னுடும் மேடம்.”

“நின்னுடும்.”

“மனோஜுக்குப் போன மாசந்தான் கொழந்த பொறந்துது.”

“தெரியும் சத்யா.”

அம்மணியிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவள் ஆவலோடு எழுந்தாள். “ஒத்துக்கிச்சா?” என்று கேட்டாள். வளர்மதி இல்லை என்று தலையை அசைத்துவிட்டு நடந்தாள். அதற்குமேல் விளக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, விருந்தினர்கள் வருவதற்கு முன்பே, அவள் விஜயராகவனிடம் போய்த் தான் செய்யப் போவதைச் சொன்னாள். ஒளித்துவைத்து மேடையில் உடைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு கெஞ்சினார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“திட்டத் தலைவர்னு உங்க பேரைத்தான் அழைப்பிதழ்ல போட்டிருக்கு. இப்ப எடுத்தா ஏன்னு கேப்பாங்க” என்றார் திரும்பாமலே. “நான் உங்களைத் தடுக்கல. அதுக்கப்புறம் நான் செய்யறதையும் நீங்க தடுக்கக்கூடாது.”

“சரி சார்.”

மேடையில் அவள் முதலில் விஜயராகவன் கேட்ட படத்தைக் காட்டினாள். குவாண்டம் கோடு மேலே, பழைய முறை கீழே. விருந்தினர் சிலர் முகம் மலர்ந்தது. ஒருவர் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். பிறகு அதே படத்தில் மூன்றாவது கோட்டைச் சேர்த்தாள். அது மற்ற இரண்டையும் விட்டு உயரே போனது. இது சத்யா எழுதிய சாதாரண முறை, இன்று நம்மிடம் இருக்கிற கணினியிலேயே ஓடும், நம் லாரிகளுக்கு உண்மையில் பயன்படப் போவது இதுதான், இது இருக்கும்போது குவாண்டத்துக்கு இப்போது வேலையில்லை என்று சொன்னாள். தொடங்கும்போதே எழுதிவைத்த நிபந்தனையைப் படித்துக் காட்டி, அதன்படி திட்டத்தை நிறுத்தப் பரிந்துரைக்கிறேன் என்றாள்.

விருந்தினரில் வயதான பெண்மணி ஒருவர், “அப்படியானால் இந்த இரண்டு வருடமும் வீண்தானா?” என்று கேட்டார்.

வீண் இல்லை என்று சொல்வது சுலபம். “நாங்கள் ஆசைப்பட்டது கிடைக்கவில்லை” என்றாள் வளர்மதி. “இயந்திரம் எந்த அளவுக்கு வளர்ந்தால் மறுபடி முயலலாம் என்று இப்போது தெரியும். அதோடு, அப்படி வளர்கிற இயந்திரம் ஒருநாள், இன்று கணினித் தகவலைச் சங்கேதமாக்கிக் காக்கிற பூட்டுகள் பலவற்றைத் திறந்துவிடும். நம் வாடிக்கையாளர்களின் தகவலுக்குப் புதுப் பூட்டு போடுவதை இன்றே தொடங்க வேண்டும். அதற்குக் குவாண்டம் கணினி தேவையில்லை, ஆட்கள் போதும்.”

யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. மதியச் சாப்பாட்டின்போது நாகரிகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலீட்டு முடிவைத் தள்ளிவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை.

விஜயராகவன் சொன்ன சொல்லை நிறைவேற்றினார். திட்டம் அந்த மாதத்தோடு மூடப்பட்டது. தகவல் பூட்டு மாற்றுகிற வேலைக்கு வளர்மதியோடு இரண்டு பேர் போதும் என்றார். மனோஜும் இன்னொருவனும் அதில் நின்றார்கள். குழுவில் வேறு இருவருக்கு வேலை போனது. சத்யா எழுதிய முறையைப் போக்குவரத்துப் பிரிவு எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பிரிவின் தலைவர் ஆதிநாராயணன், அதை ஓட்ட எங்களிடமே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சத்யாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

அவளை வைத்துக்கொள்ளாவிட்டால் நானும் போகிறேன் என்று வளர்மதி விஜயராகவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

“போங்க. உங்களை நம்பி இருக்கற அந்த ரெண்டு பேரும் கூடவே போவாங்க. நீங்க இல்லாம அந்தப் பிரிவை நான் நடத்தப் போறதில்ல” என்றார். அவர் குரலில் பழிவாங்குகிற தொனி இல்லை. களைத்துப் போயிருந்தார். “நீங்க எழுதினபடிதான் செஞ்சீங்க வளர்மதி. அதுல நான் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அதோட விலையை எல்லாரும்தான் கொடுக்கணும்.”

அவள் போகவில்லை. மனோஜின் குழந்தையை நினைத்து நின்றாளா, தனக்கும் பயம் இருந்ததா என்று அவளே பிறகு பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சரியான விடை கிடைத்ததில்லை.

அம்மணியிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏரிக்குப் போனாள். அம்மணி தண்ணீரில் இருந்தாள். கரையில் வளர்மதி நிற்பதைப் பார்த்தும் ஏறி வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு துழாவிக்கொண்டே போனாள். வெயில் ஏறிய பிறகுதான் வந்தாள். வந்தவள் பறியை மண்ணில் கவிழ்த்து இறாலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

“வேல போச்சாமே.”

“ஆமாம்மா. என்னாலதான்.”

“உன்னாலயா, அவளாலயா?”

“ரெண்டு பேராலயும்.”

அம்மணி தலை நிமிராமல் சிறிய இறாலை ஒரு பக்கம் ஒதுக்கினாள். “எங்க ஊட்டுக்காரன் அன்னிக்கு மேடையில வாயே தொறக்கல. போட்டு எங்களுக்கு நெஜமாவே குடுக்கறீங்களான்னு ஒரு வார்த்த கேட்ருந்தா இன்னா ஆயிருக்கும்? வேற ஆளக் கூப்ட்டு நிக்கவச்சிருப்பாங்கோ. அவன் கேக்கல. இவ மாட்டேன்னு சொன்னா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுந்தான் மிச்சம்.”

வளர்மதி அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

“நீ அன்னிக்கு வந்து இன்னா சொன்ன? என் பொறுப்புன்ன. இன்னொரு ஊட்ல போய் இன்னொரு பொண்ணக் கேக்கசொல்ல இன்னா சொல்லுவ?”

“நின்னாலும் நிக்கும், நிக்காமயும் போகும்னு சொல்லுவேன்மா.”

“அப்டி சொன்னா எவ அனுப்புவா?”

அம்மணி பிரித்த இறாலைப் பறியில் அள்ளிப் போட்டாள். “உங்க கம்பெனி லாரி இப்பல்லாம் சீக்கிரம் வந்துடுது. முன்ன மாதிரி ஐஸ் வச்சினு வெயில்ல குந்தினு கெடக்க வாணாம். எம்பொண்ணு போட்ட கணக்குன்னு இறால் வாங்கற ஏஜெண்டு சொன்னான்.” பெருமையா, வருத்தமா என்று அந்தக் குரலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. “வேற வேலைக்கு வழி பண்ணு மேடம். நீதான கூட்டினு போன.”

“கிடைக்கும்னு சொல்லமாட்டேன். தேடறேன்மா.”

“தேடு.”

தேடினாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினாள். பல இடங்களில் பதிலே வரவில்லை. வந்த சில இடங்களிலும் அந்த வெள்ளிக்கிழமைக் கதை முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. சத்யா பொன்னேரிக் கல்லூரிக்கே மறுபடி தற்காலிகமாகப் பாடம் எடுக்கப் போனாள். வளர்மதி புதுப் பிரிவில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில், நிறுவனத்தின் பழைய தகவல் பூட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தாள். யாருக்கும் காட்டிப் பெருமைப்பட முடியாத வேலை. ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலை. விஜயராகவன் வழியில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்.

அடுத்த கோடையில் பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடம் சத்யாவை ஆராய்ச்சி மாணவியாக எடுத்துக்கொண்டது. ஊதியம் முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை. ஐந்து வருடமாவது ஆகும். அம்மணிக்கு அதில் அரை மனதுதான். தண்ணீர் இறாலுக்கு வாட்டமாக இருக்கிறது என்று சொல்லி, மகள் கிளம்பிய அன்றும் ஏரிக்குத்தான் போனாள். ஆரம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு வளர்மதி மட்டும் வந்திருந்தாள்.

இருவரும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“அங்க என்ன தலைப்பு கொடுத்திருக்காங்க?” என்று வளர்மதிதான் ஆரம்பித்தாள்.

“அதே மெஷின் பிழைதான் மேடம். கணக்கு பெருசாகசொல்ல ஏன் அப்படிக் கலங்குது, எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும்.”

“மனோஜோட மூணாவது சோதனையில ஒரு எடத்துல கோடு திடீர்னு எறங்குச்சே. கவனிச்சியா?”

“அது மெஷின் பிழை இல்லன்னு நெனைக்கிறேன். நாம கணக்க உள்ள அனுப்புன வெதத்துலயே ஒண்ணு இருக்கு.” சத்யா பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்து மடியில் வைத்துக் கோடு போட ஆரம்பித்தாள். வளர்மதி குனிந்து பார்த்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்து, இது எப்படி வந்தது என்று கேட்டாள். சத்யா விளக்கினாள். வளர்மதிக்கு ஒப்பவில்லை. இருவரும் அதிலேயே மூழ்கியிருந்தார்கள். ரயில் நடைமேடைக்குள் நுழைந்து சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து பையைத் தேடினார்கள்.